கோட்டுக்கு மேலே என்ன இருக்கிறது

அனுமந்தன்பட்டி
1892 நவம்பர் 10

பிலோமினாவின் அப்பாவுக்கு ஜெயமேரி எழுதுவது.

இப்படித்தான் ஆரம்பிக்க முடிகிறது. கட்டினவர் பேரை வாயால் சொன்னதில்லை, கையால் எழுதவும் வரவில்லை. பிள்ளை பிறந்த நாளிலிருந்து உங்களை "பிலோமினா அப்பா" என்றுதான் கூப்பிட்டேன். அவளை மண்ணுக்குள் வைத்து மூன்று மாதம் ஆகிறது. இனிமேல் உங்களை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பழைய பேரே இருக்கட்டும். உறையின் மேல் விலாசம் எழுதியது லூர்துநாதன் அண்ணன். நீங்கள் அரியலூர்ப் பக்கம் ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் கல் கொத்துகிறீர்கள் என்று சொன்னதும் அவர்தான். பெண்டாட்டிக்குச் சொல்லாமல் கூட்டாளிக்குச் சொல்லிவிட்டுப் போனீர்கள், சரிதான்.

ஆத்துமாக்கள் திருநாளுக்குக் கல்லறைக்குப் போனேன். பிலோமினாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினேன். காற்று அணைத்துக்கொண்டே இருந்தது. நம் தெருவில் பாதி வீடு பூட்டித்தான் கிடக்கிறது. பேதி வந்த அந்த ஆடி மாதத்தை யாரும் வாயால் சொல்வதில்லை, "அந்தச் சமயம்" என்கிறார்கள்.

உங்களிடம் சண்டை பிடிக்க எழுதவில்லை, ஒரு காரியத்துக்காக எழுதுகிறேன். பக்கத்து வீட்டுச் சுருளியம்மாள் பெற்ற பிள்ளை என்னிடம்தான் இருக்கிறது. அவளுக்கு முதல் இரண்டும் தங்கவில்லை என்பதால், மூன்றாவது பிறந்ததும் முறத்தில் போட்டு என் வாசலில் வைத்தாள். நான் ஒரு படி தவிடு கொடுத்து வாங்கினேன். சாவு வந்து பார்த்தால் இது வேறு வீட்டுப் பிள்ளை என்று ஏமாந்து போகட்டும் என்றுதான். பிள்ளைக்கு ஒரு வயசானதும் தவிட்டைத் திருப்பிக் கொடுத்து வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. திருப்பிக் கொடுக்க அவளும் இல்லை, அவள் புருஷனும் இல்லை. சாவு பிள்ளையை விட்டுவிட்டுத் தாயைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

இப்போது சுருளியம்மாளின் தம்பி கோட்டைச்சாமி வந்து நிற்கிறான். சித்திரையில் வீரபாண்டித் திருவிழா முடிந்ததும் கங்காணியோடு மலைமேல் காப்பித் தோட்டத்துக்குப் போகிறானாம். பிள்ளையையும் கொண்டுபோவேன் என்கிறான். அந்தக் குளிரிலும் காய்ச்சலிலும் கைப்பிள்ளைகள் நிற்பதில்லை என்பது ஊருக்கே தெரியும், அவனுக்கும் தெரியும். அழுதுகொண்டேதான் சொன்னான்: "தவிடு குடுத்தது பொம்பளை கை மட்டுந்தான் அக்கா. ஆம்பளை கையும் சேர்ந்து குடுத்தாத்தான் அது விலை. அண்ணன் வந்து அவுக கையால ஒரு படி தவிடு குடுக்கட்டும், நான் பேசாமப் போயிர்றேன். இல்லாட்டி அக்கா பிள்ளைய அடுத்த வீட்ல விட்டுட்டுப் போனேன்னு என் சாதிசனம் காறித் துப்பும்."

அவன் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. அன்று நீங்கள் கல்குவாரிக்குப் போயிருந்தீர்கள்.

கல்லறையில் எல்லார் முன்னாலும் நீங்கள் சொன்னது என் காதிலேயே நிற்கிறது. "தவிட்டுக்கு ஒரு பிள்ளைய வாங்கி, நம்ம பிள்ளைய விலையாக் குடுத்துட்டியேடி." அதற்குப் பதில் எழுத உட்காரவில்லை. சித்திரைக்குள் வருவீர்களா என்று மட்டும் எழுதுங்கள்.

ஜெயமேரி


நின்னியூர் முகாம்
1892 டிசம்பர் 4

ஜெயமேரிக்கு,

கடிதம் வந்தது. அந்தப் பிள்ளையைப் பற்றி நான் சொல்ல ஒன்றும் இல்லை. மாமன்காரன் கொண்டுபோகிறான் என்றால் கொண்டுபோகட்டும்.

இங்கே வேலை கடினமில்லை. துரை மண்ணுக்குள் இருக்கும் பழைய சிப்பிகளைச் சேர்க்கிறார். சிப்பி என்றால் ஓடு இல்லை, ஓடே கல்லாக மாறியது. பாறைக்குள் இருப்பதைச் சிற்றுளியால் நகம் நகமாகக் கொத்தி, ஓரம் உடையாமல் எடுக்க வேண்டும். கோயில் பலிபீடத்துக்குக் கொத்திய கைக்கு இது ஒத்துவருகிறது. எடுத்ததைப் பெட்டியில் வைத்துச் சுற்றிலும் தவிடு கொட்டி அமுக்குகிறோம். உமி போட்டால் கல் நழுவும், தவிடு இறுக்கிப் பிடிக்கும். என் கையெல்லாம் எப்போதும் தவிட்டு வாசம்தான். எனக்கென்று இப்படி ஒரு வேலை வாய்த்தது பார்.

இந்த இடத்தில் ஒரு காலத்தில் கடல் இருந்ததாம். ஓடைக்கரையில் பாறை அடுக்கடுக்காகத் தெரிகிறது. அடியில் இருப்பது பழசு, மேலே இருப்பது புதுசு. கீழடுக்குகளில் சுருள்கல் என்று ஒன்று கிடைக்கிறது. ஆட்டுக்கடா கொம்பு சுருண்ட மாதிரி இருக்கும். உடைத்துப் பார்த்தால் உள்ளே இலை நரம்பு மாதிரிக் கோடு. பொத்தான் அளவிலும் உண்டு, வண்டிச் சக்கரம் அளவிலும் உண்டு. சுருளாமல் கம்பு மாதிரி நீண்டது, தூண்டில் மாதிரி வளைந்தது என்று எத்தனையோ வகை. இங்கே கூலிக்கு வரும் வைணவர் ஒருவர் அதைப் பார்த்ததும் சாளக்கிராமம் என்று கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மேலே வர வர ஓர் இடத்தில் அவை நின்றுபோகின்றன. துரை அந்த இடத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு கிழித்திருக்கிறார். கோட்டுக்குக் கீழே கூட்டம் கூட்டமாக இருக்கிறது. கோட்டுக்கு மேலே தேடினால் ஒன்றுகூட இல்லை. அதே காலத்தில் கரையில் திரிந்த வீட்டு உயரப் பல்லிகளும் போய்விட்டனவாம். அவற்றின் எலும்பும் பல்லும் கிடைக்கின்றன. எதனால் என்று கேட்டேன். துரை பேசும் தமிழ் பாதிதான் புரியும், மீதியைத் துபாஷி சொன்னார். தெரியாதாம். இவ்வளவு படித்தவர் தெரியாது என்று சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

தினமும் அந்தக் கோட்டின் முன்னால்தான் உட்கார்ந்து வேலை செய்கிறேன். நம் ஆடி மாதமும் அப்படி ஒரு கோடுதான் ஜெயமேரி. போனது போனதுதான்.

அமிர்தராஜ்


அனுமந்தன்பட்டி
1893 ஜனவரி 20

பிலோமினாவின் அப்பாவுக்கு,

இரண்டு பக்கம் கல்லைப் பற்றி எழுதினீர்கள். கல்யாணம் ஆன இத்தனை வருசத்தில் என்னிடம் இவ்வளவு பேசினதில்லை. அந்தக் கல்லுக்கு நன்றி.

ஆனால் ஒன்றை விட்டுவிட்டீர்கள். கோட்டுக்கு மேலே என்ன இருக்கிறது? சுருள்கல் இல்லை என்று எழுதினீர்கள், சரி. இல்லாததை எழுதினால் போதுமா? மேலேயும் பாறை இருக்கிறதல்லவா, அதற்குள் ஒன்றுமே இல்லையா? துரையிடம் கேட்டு எழுதுங்கள்.

நான் ஏன் கேட்கிறேன் என்றால், நம் தெருவில் கோடு கிழித்த மாதிரி எல்லாம் நின்றுதான் போனது. போன வாரம் ஆண்டிபட்டியிலிருந்து ஒரு நெசவுக்காரக் குடும்பம் வந்து, பூட்டிக் கிடந்த மேலண்டை வீட்டில் தறி போட்டிருக்கிறது. நம் தெருவில் என்றைக்காவது தறிச் சத்தம் கேட்டிருக்கிறோமா? முதல் நாள் கோபம் கோபமாக வந்தது. சாவு வீட்டுக்குள் வந்து சத்தம் போடுகிறார்களே என்று. இப்போது அந்தச் சத்தம் நின்றால் ஏன் நின்றது என்று எட்டிப் பார்க்கிறேன்.

சாமியாரிடம் உங்கள் கடிதத்தில் உள்ளதைச் சொன்னேன். இவ்வளவு பழைய கடல் வேதாகமத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். "ஆண்டவருடைய ஒரு நாள் எவ்வளவு நீளம்னு உனக்குத் தெரியுமா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுத் தாடியைத் தடவிக்கொண்டு போய்விட்டார். அவருக்கும் தெரியாது போல.

சங்கிலிக்குக் கீழ்ப்பல் இரண்டு வந்திருக்கிறது. அவள் பேர் சங்கிலி. ஒரு தடவைகூட நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். உங்கள் பழைய மரச் சுத்தியலை எடுத்துக் கடித்துக்கொண்டே இருக்கிறாள். பிடுங்கினால் தெருவே கூடுகிற மாதிரி கத்துகிறாள்.

ஜெயமேரி


நின்னியூர் முகாம்
1893 பிப்ரவரி 12

ஜெயமேரிக்கு,

உன் கேள்வியைத் துரையிடம் சொன்னேன். யார் கேட்டது என்றார். வீட்டில் கேட்டார்கள் என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். ஒரு பொழுது முழுக்கப் பேசினார்.

கோட்டை ஒட்டி மேலே சில கை உயரத்துக்கு ரொம்பக் குறைவுதானாம். சின்னச் சின்ன நத்தை, ஒன்றிரண்டு சிப்பி. பெரும் கூட்டம் போன சந்தை மாதிரி வெறிச்சென்று. இன்னும் மேலே போகப் போக அந்த நத்தைகளே பெருகுகின்றன. முன்பு ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்தவை, இடம் காலியானதும் பரவிப் பெருத்து ஒன்று பத்து வகையாகின்றன. போனவை திரும்பி வரவில்லை. வேறு ஏதேதோ வந்து அந்த இடத்தில் பிழைத்தன.

கரையிலும் அப்படித்தானாம். அந்தப் பெரிய பல்லிகள் இருந்தவரை, பால் கொடுக்கும் பிராணிகள் மூஞ்சூறு அளவில் பொந்துக்குள் பயந்து கிடந்தன. பல்லிகள் போனபிறகுதான் வெளியே வந்தன. அதிலிருந்து கிளை பிரிந்து பிரிந்துதான் யானை, மாடு, குதிரை, கடலுக்குள் போன திமிங்கிலம், எல்லாம். நாமும் அந்த வழிதான் என்றார் துபாஷி. சொல்லிவிட்டு என் கழுத்துச் சிலுவையைப் பார்த்துப் பேச்சை மாற்றிக்கொண்டார்.

இதற்கு வெகு காலம் முன்னாலும் ஒரு சாவு வந்ததாம். அது இதைவிடப் பெரிசு, கடலே காலியாகிற மாதிரி. அதில் இந்தச் சுருள்கல் இனம் ஏறக்குறைய அழிந்தே போய், ஒன்றிரண்டு வகைதான் மிஞ்சியதாம். அந்த ஒன்றிரண்டிலிருந்துதான் நான் சொன்ன அத்தனை வகையும் பெருகி வந்தன. கடைசியில் வந்த சாவில் ஒன்றும் மிஞ்சவில்லை.

நீ கேட்டதற்குப் பதில் எழுதிவிட்டேன். அதற்குப் பிறகு நான் யோசித்தது ஒன்று. அந்தப் பிள்ளை நம் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்று நீ பிடிவாதமாக இருந்தால் இருக்கட்டும். நான் வந்து தவிடு கொடுக்கிறேன். ஆனால் பேர் பிலோமினா என்று இருக்க வேண்டும். ஞானஸ்நானத்தில் அந்தப் பேரே வைக்கச் சொல். அவள் பாவாடையையும் இதற்கே போடலாம். அப்படியானால் வருவேன்.

அமிர்தராஜ்


அனுமந்தன்பட்டி
1893 பிப்ரவரி 27

பிலோமினாவின் அப்பாவுக்கு,

முடியாது.

வருவேன் என்று எழுதியதைப் படித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அடுத்த வரியைப் படித்ததும் கண்ணீர் காய்ந்துவிட்டது. எனக்கு ஆசை இல்லை என்று நினைக்கிறீர்களா? பொங்கலுக்கு முன்னாலேயே பிலோமினாவின் சின்னப் பாவாடையைப் பெட்டியிலிருந்து எடுத்துச் சங்கிலிக்குப் போட்டுப் பார்த்தேன். போட்டதும் அந்தப் பிள்ளை அந்தப் பிள்ளையாக இல்லை, இந்தப் பிள்ளை இந்தப் பிள்ளையாகவும் இல்லை. உடனே கழற்றிவிட்டேன். பாவம், அது குளிரில் நடுங்கிக்கொண்டு என்னையே பார்த்தது.

நம் பிள்ளை அஞ்சு வயசு வாழ்ந்தாள். எதைக் கேட்டாலும் "ஏன்" என்பாள். உப்புக் கண்டத்தைத் திருடித் தின்பாள். உங்கள் முதுகில் ஏறி மீசையைப் பிடித்து இழுப்பாள். அதெல்லாம் அவளுடையது. பேரையும் பாவாடையையும் இன்னொன்றுக்குப் போட்டால், அவள் இருந்ததே இல்லை என்று ஆகிவிடாதா? இது தூங்கும்போது கட்டைவிரல் சூப்புகிறது, அவள் சூப்பினதே இல்லை. இது எதற்கும் சிரிக்கும். ஒவ்வொரு நாளும் இதைப் பார்த்து, அவள் மாதிரி இல்லையே என்று நீங்கள் மூஞ்சியைத் திருப்பிக்கொள்வதை என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது.

நீங்கள் எழுதியதைத்தான் நான் திருப்பி எழுதுகிறேன். போனவை திரும்பி வரவில்லை, வேறு ஏதேதோ வந்து பிழைத்தன என்று உங்கள் கையெழுத்தில்தானே இருக்கிறது? இன்னொன்றும் இருக்கிறது. நீங்கள் நினைத்து அழுகிற அந்தச் சுருள்கல்கூட முதல் சாவுக்குப் பிறகு காலி இடத்தில் பெருகினதுதானே. அப்படியானால் அதுவும் ஒரு காலத்தில் சங்கிலிதான்.

கோட்டைச்சாமி பெரியகுளம் போய்க் கங்காணியைப் பார்த்துவிட்டு வந்தான். நாள் குறித்தாகிவிட்டது. திருவிழா கடைசிச் செவ்வாய், அன்றைக்கு மறுநாள் வீரபாண்டியிலிருந்தே போடி வழியாக மலை ஏறுகிறார்கள்.

கோபத்தில் எழுதிவிட்டேன். கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதலாம் என்று பார்த்தேன். எழுதினது எல்லாம் உண்மை, அதனால் அனுப்புகிறேன்.

ஜெயமேரி


நின்னியூர் முகாம்
1893 மார்ச் 19

ஜெயமேரி,

உடனே எழுதுகிறேன். கிடைத்துவிட்டது! கோட்டுக்கு மேலே! ஓடையிலிருந்து தள்ளி, மேட்டின் மேல், புல்லுக்கு நடுவில் நானே எடுத்தேன். சுருள்கல்தான். இலை நரம்புக் கோடு தெளிவாக இருக்கிறது. ஒன்றில்லை, அதே இடத்தில் மூன்று. துரை தஞ்சாவூர் போயிருக்கிறார், வந்ததும் காட்டுவேன்.

எல்லாம் போகவில்லை ஜெயமேரி. அவ்வளவு படித்தவர் கோடு கிழித்து இதோடு முடிந்தது என்று சொன்னார். முடியவில்லை. மேலேயும் இருக்கிறது. தேடாமல் விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். போனது திரும்பி வராது என்று கல்லிலேயே எழுதியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கல் அப்படிச் சொல்லவில்லை.

நான் சொன்னதையும் யோசித்துப் பார். அந்தப் பிள்ளை பிறந்தது நம் தெருவில். அது கண்ணைத் திறந்தது நம் பிலோமினா மடியில். யாருக்குத் தெரியும், அவளே எதையாவது அதனிடம் விட்டுவிட்டுப் போயிருப்பாள். பாவாடையைப் பத்திரமாக வை. பேரையும் யோசி. நான் வருகிறேன்.

அமிர்தராஜ்


அனுமந்தன்பட்டி
1893 மார்ச் 30

பிலோமினாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டே இரண்டு நாள் திரிந்தேன். பதில் எழுத மனசு வரவில்லை. இன்று பெரிய வியாழன். கோயிலில் முழங்காலில் இருந்தபோதுதான் கேட்டே ஆக வேண்டும் என்று தோன்றியது.

அந்த மேட்டுக்குப் பக்கத்தில் கிணறு ஏதாவது இருக்கிறதா?

நம் வீட்டுக் கிணறு வெட்டின வருசம் ஞாபகம் இருக்கிறதா? அடியிலிருந்து வந்த கறுப்புக் கல்லையெல்லாம் கரையில்தான் கொட்டினார்கள். முதலில் மேல்மண் வந்து கீழே கிடந்தது, கடைசியில் அடிக்கல் வந்து அதன் மேல் உட்கார்ந்தது. அடுத்த மழையில் புல் மூடிவிட்டது. தெரியாதவர் பார்த்தால் கறுப்புக் கல் மேட்டிலேயே விளைந்தது என்றுதான் நினைப்பார். நீங்களே அன்றைக்குச் சொல்லிச் சிரித்தீர்கள்.

அப்படி இருக்கக் கூடாது என்றுதான் வேண்டிக்கொண்டேன். இருந்தால், துரை வந்து சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட நான் சொல்வது நல்லது. அவர் முன்னால் நீங்கள் அழ மாட்டீர்கள், உள்ளேயே வைத்துக்கொள்வீர்கள். எனக்கு உங்களைத் தெரியும்.

வெயில் ஏறிவிட்டது. தலையில் துண்டு போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

ஜெயமேரி


நின்னியூர் முகாம்
1893 ஏப்ரல் 12

ஜெயமேரிக்கு,

கிணறு இருந்தது.

தூர்ந்துபோன பழைய கிணறு. உள்ளே கருவேலமரம் முளைத்து வாயை மூடியிருந்தது. அதனால் கண்ணில் படவில்லை. உன் கடிதம் வந்ததும் அரிவாள் எடுத்துக்கொண்டு போனேன். முள்ளை வெட்டி விலக்கிப் பார்த்தேன். கல் கட்டின விளிம்பு தெரிந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நீ சொன்ன மாதிரி, துரை இல்லாதது நல்லதாகப் போயிற்று.

அவர் வந்ததும் மூன்று கல்லையும் கொடுத்து, கிணற்றையும் காட்டினேன். திட்டவில்லை. தொப்பியைக் கழற்றிவிட்டுக் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். அப்புறம் கூடாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், கோட்டுக்கு மேலே நிஜமாகவே கிடைத்த ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அதுவும் சுருள்தான். ஆனால் மொழுமொழுவென்று, ஒரு வேலைப்பாடும் இல்லாதது. உள்ளே இலை நரம்புக் கோடு இல்லை, சாதாரண வளைவுதான். சுருள்கல்லுக்குத் தூரத்து உறவாம். இரண்டும் ஒரே கடலில் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தவை. அது போய்விட்டது, இது பிழைத்துவிட்டது. இதன் இனம் இன்றைக்கும் கிழக்குக் கடலில் உயிரோடு இருக்கிறதாம்.

நான் துபாஷியிடம் ஒன்று கேட்கச் சொன்னேன். இது பிழைத்ததால்தான் அது செத்ததா? அதற்கு வர வேண்டிய உயிரை இது பிடுங்கிக்கொண்டதா? துரைக்கு என் கேள்வி முதலில் புரியவில்லை. புரிந்ததும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "இல்லை," என்றார், தமிழிலேயே. "அது வேறு, இது வேறு. சாவு வந்தது. ஒன்று போச்சு. ஒன்று இருக்குது. இது அதைக் கொல்லல."

அந்த மொழுக்கைச் சுருளைத் தவிட்டில் பொதிந்து பெட்டியில் வைத்தேன். கையைத் தவிட்டுக்குள் விட்டபடியே ரொம்ப நேரம் இருந்தேன்.

வருவீர்களா என்று கேட்காதே ஜெயமேரி. அந்த வாசலில் எப்படிக் காலெடுத்து வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கல்லறையில் நான் சொன்ன வார்த்தை அந்த வாசலில்தான் நிற்கிறது.

அமிர்தராஜ்


அனுமந்தன்பட்டி
1893 ஏப்ரல் 24

பிலோமினாவின் அப்பாவுக்கு,

கேட்க மாட்டேன். நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

கோட்டைச்சாமி வந்து பிள்ளையின் துணிமணியை மூட்டை கட்டி வைத்துவிட்டுப் போனான். மே ஒன்பதாம் தேதி கடைசிச் செவ்வாய். நான்தான் பிள்ளையை வீரபாண்டிக்குத் தூக்கிக்கொண்டு போய் அவன் கையில் கொடுக்க வேண்டும். "நீங்களே கொண்டாந்து குடுங்க அக்கா, நான் வந்து பிடுங்கிட்டுப் போனேன்னு இருக்க வேணாம்" என்றான். எனக்காக அவனும், அவனுக்காக நானும் அழுதோம்.

சங்கிலி நடக்க ஆரம்பித்துவிட்டாள். நாலு எட்டு வைத்துவிட்டுத் தொப்பென்று உட்கார்ந்து, தானே கைதட்டிக்கொள்கிறாள். மரச் சுத்தியலையும் மூட்டையில் வைக்கட்டுமா? அது உங்கள் பொருள், அதனால் கேட்கிறேன்.

வாசலைப் பற்றி எழுதியிருந்தீர்கள். வாசல் அப்படியே இருக்கிறது. தினமும் பெருக்கித் தண்ணீர் தெளிக்கிறேன். நீங்கள் சொன்னது ஒன்றும் அங்கே இல்லை. இருந்ததை நான் என்றைக்கோ பெருக்கித் தள்ளிவிட்டேன்.

ஜெயமேரி


அம்மையநாயக்கனூர் ரயிலடி
1893 மே 6

ஜெயமேரிக்கு,

சுத்தியலை மூட்டையில் வைக்காதே. மூட்டையையே அவிழ்த்துவிடு.

உன் கடிதம் வந்த அன்றே துரையிடம் போய் நின்றேன். ஊருக்குப் போக வேண்டும் என்றேன். வேறென்ன வேண்டும் என்றார். பெட்டியில் இருக்கிற தவிட்டில் ஒரு படி வேண்டும் என்றேன். துபாஷி தப்பாகச் சொல்கிறார் என்று நினைத்து இரண்டு தடவை கேட்டார். கடைசியில் நானே வாயைத் திறந்து எல்லாம் சொன்னேன். நம் பிள்ளை போனது, தவிட்டுக்கு வாங்கினது, கல்லறையில் நான் பேசினது எல்லாம். அந்த மொழுக்கைச் சுருள் இருந்த பெட்டியைத் தானே திறந்து, தன் கையாலேயே அள்ளிப் போட்டார்.

திருச்சினாப்பள்ளியில் ரயில் ஏறினதிலிருந்து எல்லாரும் சிரிக்கிறார்கள். "ஏம்ப்பா, ஒங்க ஊர்ல தவிடு கெடைக்காதா? ரயில்ல வச்சுக் கொண்டுபோறியே!" என்று ஒரு கிழவர் கேட்டார். மகளை வாங்கப் போகிறேன் என்றேன். அதற்கப்புறம் அவர் சிரிக்கவில்லை. தன் துண்டைக் கொடுத்து, மூட்டை பிரியாமல் மேலே இன்னொரு கட்டுப் போடச் சொன்னார்.

இங்கிருந்து பெரியகுளம், தேனி வழியாக வண்டியில் வருகிறேன். தபால்காரர்கள் ராத்திரியும் ஓடுவார்கள், வண்டி மாடு ஓடாது. அதனால் இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வந்து சேரும். செவ்வாய்க்கிழமை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீரபாண்டிக்கு வா. ஆற்றுப் பாலத்தருகே நிற்பேன். கோட்டைச்சாமியிடம் சொல், ஆம்பளை கைத் தவிடு வருகிறது என்று. மலைக்குப் போகும் முன் அவன் நம் கையால் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். தாய்மாமன் இல்லாமல் பிள்ளைக்கு நாளைக்கு எந்தச் சடங்கு நடக்கும்?

பாவாடையைப் பெட்டியிலேயே வை. அது அவளுடையது. இவளுக்குத் திருவிழாக் கடையில் புதுசு எடுப்போம். என்ன நிறம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது. அவளே கையை நீட்டுவாள், பார்ப்போம்.

உன் முதல் கடிதத்தில், இனிமேல் உங்களை என்ன சொல்லிக் கூப்பிட என்று கேட்டிருந்தாய். இத்தனை மாதமாகப் பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன். கீழே எழுதியிருக்கிறேன். இரண்டில் எது முதலில் வாயில் வருகிறதோ அப்படிக் கூப்பிடு.

இப்படிக்கு,
பிலோமினாவின் அப்பா
சங்கிலியின் அப்பா